ஜெபகுமாரி டீச்சர் வீட்டு முற்றம்

அருமனையிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிப் போனால் வரும் அந்தச் சின்ன ஊரில், எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒரே முற்றம்தான் திரும்பத் திரும்ப வரும். மணப்பெண் மாறுவாள், மாப்பிள்ளை மாறுவார், கோட்டு சூட்டு மாறும். பின்னால் இருக்கும் சிவப்பு ஆந்தூரியம் தொட்டிகளும், காகிதப்பூ வளைவும், மூன்று படி வைத்த வெள்ளை வீடும் மட்டும் மாறாது. ஞானஸ்நானம் ஆன குழந்தையை அந்தப் படியில் கிடத்தித்தான் படம் எடுப்பார்கள். கோயிலில் திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகள் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்த வளைவுக்குக் கீழேதான் நிற்பார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், உங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே வீடுதானா என்று கேட்டதாகக்கூடப் பேச்சு உண்டு.

அது ஜெபகுமாரி டீச்சருடைய முற்றம். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தையல் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இஸ்ரவேல் சவுதியில் தம்மாமில் லாரி ஓட்டியவர். அங்கே மணலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், திரும்பி வந்ததும் கண்ணுக்குப் பச்சை வேண்டும் என்று செடி செடியாக வாங்கி வைத்தார். வைத்தது அவர், தண்ணீர் ஊற்றியது டீச்சர். எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். மகள் ஜெப்சி கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் காமிராவுக்குச் சீட்டு வாங்க வேண்டும். டீச்சர் வீட்டு முற்றத்துக்குச் சீட்டு கிடையாது. ஆனால் முறை உண்டு. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும். டீச்சர் வந்து தன் கையால் கொண்டியைத் தூக்கித் திறந்துவிட வேண்டும். அந்தக் கேட்டில் பூட்டு என்று ஒன்று என்றைக்கும் இருந்ததில்லை. வெறும் இரும்புக் கொண்டி. கையை மேலே போட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருமுறை மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு போட்டோக்காரன் விறுக்கென்று திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான். டீச்சர் அவனை மறுபடி வெளியே அனுப்பி, கேட்டைச் சாத்தி, கூப்பிட வைத்து, பிறகுதான் உள்ளே விட்டார். மாப்பிள்ளை வீட்டார் வேனில் உட்கார்ந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"எனக்க வீட்டுக்குள்ள வாறவன் எனக்க வாயால 'வா'ன்னு கேட்டுட்டு வரணும். அம்புடுதான்" என்பார்.

அதற்கப்புறம் தாராளம்தான். பூவைப் பறிக்கக் கூடாது, அடுக்களைப் பக்கம் காமிராவைத் திருப்பக் கூடாது. மற்றபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மணப்பெண்ணின் சேலை மடிப்பு சரியில்லை என்றால் டீச்சரே ஊசியை வாயில் கடித்துக்கொண்டு வந்து குத்திவிடுவார். ஒரே ஒரு படம் மட்டும் அவருக்குத் தர வேண்டும். அதை இஸ்ரவேல் கொண்டுவந்த தடித்த ஆல்பத்தில் ஒட்டி, அடியில் யார், எப்போது என்று தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி வைப்பார். ஊரார் படங்களால் ஆன ஆல்பம் அது. சொந்தப் படங்களைவிட அதைத்தான் அவர் வருகிறவர்களிடம் காட்டுவார். கொஞ்சம் பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதற்கும் பெருமைப்படாத மனுஷி.

அந்த முற்றத்தில் அதிகம் படம் எடுத்த குடும்பம் பின்வீட்டுச் செல்லக்கனியின் குடும்பம்.

செல்லக்கனியின் விளை, அதாவது வீடும் தோட்டமும் சேர்ந்த மனை, டீச்சர் விளைக்குப் பின்னால் இருக்கிறது. அவளுடைய வீட்டுக்கு ஓடைக்கரை வழியாக ஒரு நடைவழி உண்டு. குடையை விரித்துக்கொண்டு ஒருவர் போகலாம், இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஓடையில் இறங்க வேண்டும். செல்லக்கனி டீச்சரைவிட நான்கு வயது இளையவள். 'ஜெபாக்கா, ஜெபாக்கா' என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வருவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் டீச்சர் தலைவி என்றால் இவள் செயலாளர். மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரு கிண்ணம் இங்கே வரும், மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். செல்லக்கனியின் புருஷன் சீக்கிரம் போய்விட்டார். அவளுடைய மகன் லிபினுக்கும் மகள் ஜினிஷாவுக்கும் பள்ளிச் சீருடை முழுக்க டீச்சர் தைத்ததுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் விசேஷம் என்றால் காரை ஓடைக்கரையிலா நிறுத்துவார்கள்? டீச்சர் வீட்டு வலப்பக்கம் ஒரு கார் போகிற அளவுக்குச் செம்மண் நிலம் பின்வேலிவரை நீண்டு கிடந்தது. லிபின் ஞானஸ்நானத்துக்கு அம்பாசடர் வந்ததும் அந்த வழிதான். ஜினிஷா திடப்படுத்தலுக்கு ஜீப் வந்ததும் அந்த வழிதான். ஒவ்வொரு தடவையும் செல்லக்கனி சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, "ஜெபாக்கா, நான்தான். கொண்டியை எடுங்க" என்பாள்.

"ஏட்டி, நீயும் என்னத்துக்கு வெளியே நிக்க?" என்று டீச்சர் கடிந்துகொள்வார். ஆனாலும் அவள் நிற்பது அவருக்குப் பிடிக்கும். வீட்டு ஆள் போன்றவள் என்றாலும் மரியாதை தெரிந்தவள் என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் கூடப் போட்டுக்கொள்வார்.

இரண்டாயிரத்துப் பதினாறில் இஸ்ரவேல் இறந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி தன் சொந்த விளையிலேயே, பின்வேலிக்கு முன்னால் அயனி மரத்தடியில் கல்லறை. மயிலாடியிலிருந்து கல் வந்தது. கல்லில் அவர் பெயரை வெட்டச் சொன்னபோதே டீச்சர் பக்கத்தில் தனக்கு இடம் விட்டார். வலது பக்கம், செம்மண் நிலத்தில், ஆறடிக்கு நாலடி. அந்த இடத்தில் நின்று காலால் கோடு கிழித்து, "நான் இங்கேதான் கேட்டியா, இவருக்க வலப்பக்கம். கல்யாணத்தில நின்ன மாதிரி" என்று சொன்னபோது பக்கத்தில் இருந்தது செல்லக்கனிதான். டீச்சரைத் தாங்கிப் பிடித்து நின்றதும் அவள்தான்.

எங்கள் பக்கம் அடக்கத்துக்கும் போட்டோ உண்டு. பெட்டியைச் சுற்றி வீட்டார் நிற்பார்கள், பிறகு சொந்தக்காரர், பிறகு அயலார். ஸ்டுடியோ பிபின் வந்து ஓசையில்லாமல் எடுத்துவிட்டுப் போனான். அவன் நல்லவன். அடக்க வீட்டில் எடுக்கும் முன் தலையை அசைத்து உத்தரவு கேட்பான். செல்லக்கனி குடும்பம் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் படமும் அந்த ஆல்பத்தில் ஏறியது. அவர்களுக்குப் பின்னால், டீச்சர் கோடு கிழித்த அதே இடத்தில், செல்லக்கனியின் அண்ணன் வந்த வெள்ளைக் கார் நிற்கிறது. அன்றைக்கு அந்தக் காரை யார் பார்த்தார்கள்?

மூன்று வருஷம் கழித்து ஜினிஷாவுக்குக் கல்யாணம். பூ அலங்காரம் பண்ணின காரைக் கல்லறைக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்த டிரைவர் தயங்கினான். டீச்சர்தான் சிரித்துக்கொண்டே, "அது எனக்க இடம்தான் மக்களே. நான் இன்னும் போவலியே, வண்டி நிக்கட்டு" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பிபின் அந்தச் சிரிப்பையும் எடுத்தான். மணப்பெண், கார், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கும் டீச்சர். அந்த ஆல்பத்திலேயே அழகான படம் அதுதான்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் செல்லக்கனி வந்தாள். லிபினுக்குத் துபாயில் வேலை. அவனுக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் பேசுகிறார்கள் என்றாள்.

"பெண் வீட்டுக்காரிய நம்ம குடும்பப் படம் ஏதாவது உண்டான்னு கேக்காவ அக்கா. எனக்க கையில உள்ளதெல்லாம் வெள்ளம் கேறி ஒட்டிப் போச்சு. உங்க ஆல்பத்தைத் தருவியளா? நாலு நாள் மதி, திருப்பித் தந்திருவேன்."

ஆல்பம் அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. ஜெப்சி கேட்டே கொடுத்ததில்லை. டீச்சர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு பழைய சேலைத்துண்டில் பொதிந்து, மழை வந்தால் நனையாதிருக்கப் பிளாஸ்டிக் பை போட்டுக் கொடுத்தார். நான்காம் நாள் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு தட்டு முந்திரிக்கொத்து. டீச்சர் இரண்டு தின்றுவிட்டு, பாகு கொஞ்சம் முற்றிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து கோர்ட்டு ஆள் சம்மனோடு வந்தார். வாதி செல்லக்கனி. பிரதிவாதி ஜெபகுமாரி.

டீச்சர் அதை முதலில் நம்பவே இல்லை. பெயர் மாறி வந்திருக்கிறது என்று நினைத்து, கொண்டுவந்தவருக்கு மோர் கொடுத்தார். அவர் போன பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிரதிவாதியின் விளையில் வலப்பக்கமாக, முன்கேட்டிலிருந்து பின்வேலிவரை பன்னிரண்டு அடி அகலத்தில் உள்ள வண்டிவழியை வாதியும் குடும்பத்தாரும் இருபது வருஷத்துக்கு மேலாக, யாருடைய அனுமதியும் இல்லாமல், தங்கள் உரிமையாக, தடையின்றி அனுபவித்து வருகிறார்களாம். அதில் பிரதிவாதி கேட், சுவர், குழி எதுவும் போடக் கூடாதாம். பின்னால் ஆதாரப் படங்கள் என்று ஒன்பது வண்ண நகல்கள்.

ஒன்பதும் அவருடைய ஆல்பத்துப் படங்கள். போனில் படம் பிடித்து அச்செடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய குண்டுக் கையெழுத்து. 'லிபின் ஞானஸ்நானம், 1999.' 'ஜினிஷா திடப்படுத்தல், 2012.' எந்த ஊர் ரெக்கார்டும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஏழாவது படம் இஸ்ரவேலின் அடக்கம். பெட்டி, அதன்மேல் விழுந்து அழும் டீச்சர், அவர் தோளைப் பிடித்திருக்கும் செல்லக்கனி. பின்னால் நிற்கும் வெள்ளைக் காரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

டீச்சர் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வழிக்காக இல்லை. அந்தச் சிவப்பு வட்டத்துக்காக. ஒரு மனுஷியின் வாழ்க்கையில் மிக மோசமான நாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் கார் எங்கே நிற்கிறது என்று தேடியிருக்கிறார்கள். தேடியது ஒரு வக்கீல் என்றால் போகட்டும். பக்கத்தைப் புரட்டிக் காட்டிக் கொடுத்தது யார்?

வக்கீல் முருகதாஸ் குழித்துறையில் பெயருள்ளவர். காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இவங்க ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தாங்களா?"

"கேக்காம எனக்க கேட்டுக்குள்ள ஒரு ஆளும் வந்ததில்ல சாரே."

"அப்படீன்னா கேசு நம்ம பக்கம். அனுமதி வாங்கி வந்தா அது எத்தனை வருஷமானாலும் உரிமையாகாது. சரி, கேட்டதுக்குச் சாட்சி யாரு?"

டீச்சர் யோசித்தார். "கேட்டது அவ. திறந்துவிட்டது நான்."

"வேற?"

"இஸ்ரவேல் இருந்தாரு."

வக்கீல் பேனாவை மூடினார். "படத்தில கார் இருக்கு, கல்யாணம் இருக்கு, நீங்க சிரிக்கிறது இருக்கு. அவங்க வெளிய நின்னு கேட்டது எந்தப் படத்திலயும் இல்லையே டீச்சர். யாராவது அதை போட்டோ எடுப்பாங்களா, சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து டீச்சர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். வக்கீல் சொன்னது சரி. கேட்டுக்கு வெளியே ஒருவர் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்த பிறகு எடுத்த படங்கள்தான் அத்தனையும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் கலையும் நேரத்தில், கோயில் வாசலில் டீச்சர் செல்லக்கனியை மறித்தார். நேராகத்தான் கேட்டார்.

"ஏட்டி, என்னத்துக்குடீ இது?"

செல்லக்கனி முகத்தைப் பார்க்கவில்லை. "லிபினுக்க காரியம் அக்கா. பெண் வீட்டுக்காரிய கார் வராத வீட்டில பெண்ணைத் தர மாட்டோம்னு பறஞ்சாவ. புது வீடு வைக்க லாரி வரணும். எனக்கு கோர்ட்டு காரியம் ஒண்ணும் அறியாது. ஒப்பு போடச் சொன்னான், போட்டேன்."

"ஆல்பத்தை வாங்கிட்டுப் போனது நீயாக்கும். லிபின் இல்ல."

செல்லக்கனி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"வழி வேணும்னு எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? இடப்பக்கம் கெடக்குதே, ரப்பர் மரம் நாலை வெட்டிக் களைஞ்சா லாரி போவும். நான் தரமாட்டேன்னா சொல்லுவேன்?"

"இடப்பக்கம் போனா வளைஞ்சு வரணுமாம் அக்கா. எஞ்சினியர் நேர்வழி பறஞ்சாரு." அவள் வேதப்புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

படம் எடுக்கப் பத்து நிமிஷ இடத்துக்கு முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு வந்தவள், வழிக்கு ஒரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் கேட்டு வாங்கினால் அது டீச்சர் தந்ததாக அல்லவா ஆகிவிடும்? அந்த நேர்வழி எந்த ஆறடிக்கு நாலடி மேல் போகிறது என்பது எஞ்சினியருக்குத் தெரியாது, லிபினுக்குத் தெரியாது. செல்லக்கனிக்குத் தெரியும். இதை நினைத்து நினைத்து டீச்சர் இரண்டு வாரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தொட்டியில் இலைகள் சுருண்டன.

கோர்ட்டிலிருந்து இடத்தைப் பார்வையிடக் கமிஷன் வந்தது. வந்தவர் ஸ்மிதா என்று ஒரு இளம் வக்கீல். கூட ஒரு சர்வேயர். காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "அம்மா, கோர்ட் கமிஷன். உள்ள வந்து அளந்து படம் எடுக்கணும். வரலாமா?" என்று கேட்டாள். கோர்ட்டு உத்தரவு கையில் இருக்கிறவள், கேட்டிருக்கவே வேண்டாம். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. போய்க் கொண்டியைத் தூக்கித் திறந்தார். அவர்கள் உள்ளே வந்ததும் கேட் காற்றில் மறுபடி சாத்தி, கொண்டியும் விழுந்தது.

லிபின் விடுமுறையில் வந்திருந்தான். பின்வேலியைப் பிரித்துக்கொண்டு மேலே ஏறி வந்து, சர்வேயருக்கு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான். டீச்சரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாடா கல்லறையின் ஓரத்தை உரசிக்கொண்டு கிடந்தது. முருகதாஸ் வக்கீல் அயனி மரத்தடியில் நின்று போனில் வேறு கேசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்மிதா குனிந்து நிலத்தைப் படம் எடுத்தாள். "இந்தக் காலி இடம் என்னம்மா?"

"எனக்க இடம் மோளே" என்றார் டீச்சர். "அவருக்க பக்கத்தில."

அவளுக்குப் புரிந்தது. ஒரு நொடி போனைக் கீழே இறக்கினாள். பிறகு, "நான் இருக்கிறதை இருக்கிறபடிதான் எழுத முடியும்மா. காலி இடம்னுதான் படத்தில வரும்" என்று சொல்லிவிட்டு அளவைக் குறிக்கப் போனாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஜெபாக்கா, நான்தான். கொண்டியை எடுங்க."

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். கேட்டுக்கு வெளியே செல்லக்கனி நின்றாள். வாதி வந்து நிற்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எந்த வழியைத் தன் உரிமை என்று கையொப்பம் போட்டாளோ அந்த வழியின் வாசலில் வந்து, முப்பது வருஷப் பழக்கத்தில், தன்னையறியாமல் நின்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் ஸ்மிதாவைப் பார்த்துக் கத்தினார். "பாத்தியளா? கேட்டியளா மோளே? அவ வெளியே நின்னு கேக்கா!"

ஸ்மிதா சர்வேயரின் அளவை எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "என்னம்மா? நான் கவனிக்கலையே" என்றாள். முருகதாஸ் வக்கீல் போனைக் காதில் வைத்தபடியே ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். லிபினுக்குக் கேட்டிருந்தது. அவன் முகம் கறுத்தது.

டீச்சர் கேட்டை நோக்கி ஓடினார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடினார். கேட்டின் இந்தப் பக்கம் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி செல்லம், இப்பம் சொன்னதை இன்னும் ஒருக்கா சொல்லு. சத்தமா சொல்லு. நான் உனக்கு வழியே தாறேன். இடப்பக்கம் எழுதியே தாறேன். இந்த ஒண்ணை மட்டும் சொல்லு."

செல்லக்கனியின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் டீச்சர் நம்பினார். கண்ணில் நீர் கட்டி நின்றது. மரச்சீனிக் கிண்ணத்தை நீட்டுகிற அதே முகம்தான்.

"அம்மா!" என்றான் லிபின், அங்கிருந்தே. அதட்டவில்லை. கூப்பிட்டான், அவ்வளவுதான்.

ஸ்மிதா போனோடு முன்பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள். "வாதி வந்தாச்சா? அந்தக் கேட்டை ஒரு படம் எடுக்கணும்."

செல்லக்கனி மகனைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கையைக் கேட்டுக்கு மேலே போட்டு, டீச்சரின் விரல்களுக்குப் பக்கத்திலேயே இருந்த கொண்டியைத் தானே தூக்கி, திறந்து, உள்ளே கால் வைத்தாள்.

முப்பது வருஷத்தில் அவள் அப்படித் திறந்தது அது ஒரு தடவைதான். அதுமட்டும் படத்தில் விழுந்தது.